மதில்மேல் ஒரு ரோமாபுரிக் கிண்ணம்

ஈரச் சாக்குக்குள் பாட்டில் உடையும் சத்தம் சிலீரென்று இருக்காது. நறநறவென்று, யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு கோபத்தை விழுங்குவதுபோல் இருக்கும். போன வாரம் எங்கள் தெருவில் புது வீடு கட்டுகிறவர்கள் மதில் உச்சியில் பதிப்பதற்காக அப்படி உடைத்துக்கொண்டிருந்தார்கள். மொட்டைமாடியில் சேலை உலர்த்தப் போனவள் கொடியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். சேலை சென்னையில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் ஒரகடத்துப் பக்கம் ஒரு மதில்மேல் உட்கார்ந்திருந்தேன்.

செல்போன் கம்பெனிகள் அந்தப் பக்கம் வந்து இறங்கியிருந்த சமயம், ரெண்டாயிரத்து ஆறாக இருக்கலாம். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ரைன் நதிக்கரையில் ஒரு நகரத்துக்குக் கவிதை வாசிக்கப் போயிருந்தேன். கவிதை யாருக்கும் புரியவில்லை, கைதட்டினார்கள். மறுநாள் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனார்கள்.

அங்கே ஒரு நீலக் கிண்ணம். இங்க் நீலம் இல்லை, மயில்கழுத்தும் இல்லை. மழைக்குச் சற்று முந்திய அந்தி எதையோ சொல்ல வந்து சொல்லாமல் நிற்குமே, அந்த நீலம். வெளிப்பக்கம் சோமாசுக்கு ஓரம் கிள்ளியதுபோல் வரிசையாய் விலா எலும்புகள். அவை விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழேயே நின்றுவிட, விளிம்பு மட்டும் வழவழவென்று இருந்தது. உள்ளே சக்கரத்தில் வைத்துக் கீறிய மெல்லிய வளையக் கோடுகள். ஊதிச் செய்ததல்ல, சூடான கண்ணாடி வட்டில் விலாக்களை அழுத்தி எழுப்பி, அச்சின்மேல் கவிழ்த்து, இளகி இறங்கவிட்டது என்றாள் வழிகாட்டிப் பெண். ரோமாபுரிக் காலத்தது. இரண்டாயிரம் வருஷம்.

"இந்த மாதிரிக் கிண்ணங்கள் எப்படியோ இந்தியா வரைக்கும்கூடப் போய்ச் சேர்ந்திருக்கின்றன" என்றாள்.

எப்படியோ என்ன எப்படியோ? மிளகு வேண்டுமென்று வந்தவன் வெறுங்கையோடா வருவான்? இதை நல்ல ஜெர்மனில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சொல்ல முடியாத ஆத்திரத்தில் கண்ணாடிப் பெட்டிமேல் உள்ளங்கையை ஊன்றிவிட்டேன். மூலையில் இருந்த காவலர் எழுந்து வந்தார். "கையை எடுங்கள் அம்மணி. இங்கே எதையும் தொடக் கூடாது."

எடுத்தேன். ஆனால் கை மறக்கவில்லை.

கிளம்பும்போது நான் தங்கியிருந்த வீட்டுக்காரி இங்க்ரிட் ஒரு தகர டின்னைத் தந்தாள். உள்ளே கறுப்பு ரொட்டி. அவள் தம்பி ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் உலை எஞ்சினியர். இட்லி தின்று இளைத்துவிட்டானாம். கொடுத்துவிட வேண்டும். சென்னை வந்து சிநேகிதிகளிடம் சொன்னேன், சிரித்தார்கள். "ஜெர்மனி பாத்துட்டு வந்தவ ஸ்ரீபெரும்புதூருக்கு டூரா? அங்க என்னடி இருக்கு பாக்க, பேக்டரிச் சுவரா?"

ஆமாம், சுவர்தான். போய் வந்து சொல்கிறேன், சுவரைத்தான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை. தொழிற்சாலை வாசலில் பீகார்க்காரக் காவலாளி இந்தியில் சொன்னான்: "சாகிப் பாண்டிச்சேரி போயிருக்கிறார். திங்கள்கிழமைதான் வருவார். உங்கள் டப்பாவை நான் வாங்க முடியாது, உள்ளே என்ன இருக்குமோ."

திரும்பிப் போயிருக்கலாம். ஒன்றரை மணிநேரத்தில் வீடு. ஆனால் எவனோ கட்டிய ரைன் நகரத்துக்கு மூன்று நாள் கொடுத்தவள், நம் ஊர்ச் சாலைக்கு மூன்று நாள் கொடுத்தால் குறைந்தா போவேன்? உடையவர் கோயில் தெருப் பக்கம் லாட்ஜ் லாட்ஜாக ஏறினேன். ஒருவர் மட்டும் மரியாதையாகச் சொன்னார்.

"தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் தர்றதில்ல மேடம். கூட ஜென்ட்ஸ் யாராச்சும் கீறாங்களா?"

"எனக்கு நாப்பத்தெட்டு வயசாகுது சார்."

"அதான் மேடம் இன்னும் பேஜாரு."

சாலையில் வந்து நின்று கையை நீட்டினேன். ஒரு பஸ் நின்றது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், பஸ் முழுக்க ஒரே நிறச் சட்டை போட்ட பெண்கள், எல்லாரும் தூக்கம். கம்பெனி பஸ்! ஷிப்டு முடிந்து திரும்புகிறது. டிரைவர் என்னைக் கூட்டிப் பெருக்கும் ஆளென்று நினைத்து நிறுத்தியிருக்கிறார். டிக்கெட் கேட்க யாரும் வரவில்லை. பக்கத்திலிருந்த பெண்ணின் தலை என் தோளில் சாய்ந்தது. வெல்லம் பாகாகும் வாசனை மாதிரி ஒரு வியர்வை. ஒரு பள்ளத்தில் பஸ் குதித்ததும் விழித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்க எந்த லைன்?"

"நான் லைன்லயே இல்லம்மா."

விஷயத்தைச் சொன்னதும் பஸ்ஸே எழுந்து உட்கார்ந்து சிரித்தது. அவள் பெயர் பேச்சியம்மாள். கோவில்பட்டிக்குத் தெக்கே. செல்போனைப் பெட்டிக்குள் வைக்கிற லைனில் சேர்ந்து இன்னும் டிரெய்னிங் முடியவில்லை. "எங்க ஆஸ்டலுக்கு வாங்க மேடம். கேட்டா எங்க பெரியம்மான்னு சொல்லுதேன்" என்றாள்.

வல்லம் வடகாலுக்கும் வடக்குப்பட்டுக்கும் நடுவில் ஏதோ ஓரிடத்தில் பஸ் எங்களை உதிர்த்தது. எதிரே ஹாஸ்டலின் பின்புற மதில். கைக்கெட்டும் தூரத்தில் வீடு, ஆனால் வாசல் அந்தப் பக்கம். நடுவிலிருந்த காலிமனையை ஏதோ கம்பெனி வாங்கி முள்கம்பி போட்டுவிட்டதால் ஏரிக்கரை வரை போய்ச் சுற்றி வர வேண்டும். மற்றப் பெண்கள் சுற்ற ஆரம்பித்தார்கள். பேச்சி இரண்டு பக்கமும் பார்த்தாள், பையை மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்தாள். மதில் உச்சி முழுக்க பீர் பாட்டில் சில்லு, பச்சையும் பழுப்புமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு.

"ஏய், கை கிழிஞ்சிரும்!"

"நீலத்துல கை வச்சா ஒண்ணும் செய்யாது மேடம்" என்றபடி எம்பினாள்.

அவள் கை வைத்த இடத்தைப் பார்த்தேன். 

விலா எலும்புகள். விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே நின்றுவிட்ட விலா எலும்புகள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு, வழவழத்த உதடு வானத்தைப் பார்க்க, சிமெண்டில் நின்றுகொண்டிருந்தது. அதே அந்தி. தள்ளித் தள்ளி இன்னும் சில துண்டுகள். நான் ஆராய்ச்சிக்காரி இல்லை. ஆனால் குதிகாலை உயர்த்தி, விரலை உட்பக்கம் விட்டுத் தடவினேன். சக்கரம் கீறிய வளையக் கோடு விரலுக்குத் தட்டுப்பட்டது. யாரும் கையை எடுக்கச் சொல்லவில்லை.

ஹாஸ்டல்காரி தேவகிக்கு என் வயதுதான். வடக்குப்பட்டுக்காரி. நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபின் மிஞ்சிய துண்டில் இதைக் கட்டியிருக்கிறாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பெரிம்மாவா? கோயில்பட்டிப் பேச்சே வர்ல? சரி, இரு. எட்டு மணிக்குக் கேட்ட பூட்டினா பூட்டினதுதான். பெரிம்மாக்கும் அதே சட்டந்தான்."

சனிக்கிழமை விடியலில் வாளிச் சத்தத்தில் எழுந்தேன். குளியலறை இரண்டு. அதற்கு முன் வரிசையாக வாளிகள். யார் முதலில் எழுந்தார்கள் என்பதெல்லாம் கணக்கில்லை. யார் ஹாஸ்டலுக்கு முதலில் வந்தாளோ அவள் வாளி முன்னால், கடைசியாக வந்தவள் வாளி கடைசியில். பேச்சியின் வாளிதான் கடைசி. அவள் முறை வரும்போது மதிலுக்குப் பின்னால் பஸ் வந்து ஹாரன் அடிக்கிறது. ஏரியைச் சுற்றி ஓடினால் பஸ் போய்விடும். சொட்டும் தலையோடு ஓடி, நீலத்தில் கை வைத்து, அந்தப் பக்கம் குதித்தாள்.

சாயங்காலம் அவளிடம் கேட்டேன், இன்னொரு வாளிக்காரி இடம் மாற்றித் தர மாட்டாளா என்று. "அது முறையில்ல பெரியம்மா. நாளைக்கு ஒருத்தி வந்தா எனக்குப் பின்னால நிப்பா, அப்ப நான் முன்னால" என்றாள். ஏற்கெனவே லேட்டானதற்குக் கம்பெனியில் எழுதி வாங்கியிருக்கிறார்கள். இன்னொரு தடவை பஸ்ஸை விட்டால் கம்பெனி கார்டைப் பிடுங்கி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். "ஊருக்குப் போனா திரும்பத் தீப்பெட்டியாபீசு. மருந்து வாசனையில சோறு திங்கணும். ஏழு வருசம் தின்னாச்சு. இனி செத்தாலும் போ மாட்டேன்."

அப்போது தேவகியின் வீட்டுக்காரர் ஒரு சாக்கு மூட்டையை இறக்கினார். ஒயின்ஷாப்பிலிருந்து வந்த காலி பாட்டில்கள். நாளைக்கு மேஸ்திரி வருகிறார், பின்மதிலில் கை வைக்கத் தோதான இடத்திலெல்லாம் புதிதாகக் கண்ணாடி பதிக்கப்போகிறார். எவளோ ஏறுகிறாள் என்று தேவகிக்குத் தெரிந்திருந்தது. யாரென்று மட்டும் தெரியவில்லை.

பேச்சி மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாப்பிடப் போகாமல் படுத்துவிட்டாள்.

நான் தேவகியிடம் போனேன். அந்த நீலக் கண்ணாடி எங்கிருந்து வந்தது?

"அத்தக் கேக்கறியா? வூடு கட்ட ஏரி மண்ணு அடிச்சோம். அதுல வந்துச்சு, ஒட்டாஞ்சில்லும் அதுவுமா. மேஸ்திரி பாட்டில் பத்தலன்னு அதையும் நட்டு வுட்டாரு."

சொன்னேன். ரோமாபுரி, யவனர், கப்பல், மிளகு, இரண்டாயிரம் வருஷம், ஜெர்மனியில் பெட்டிக்குள் வைத்துக் காவல் காக்கிறார்கள். எல்லாம் சொன்னேன். தேவகி கருவாட்டுக் குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டாயிரம் வர்சமா மண்ணுல மக்காம கீதுன்னா, என் மதிலு மேல மழைக்கு நிக்காதா? நல்லதாப் போச்சு."

"அது நிக்கும் தேவகி. நான் கேக்க வந்தது வேற. பொண்ணுங்க பஸ்ஸுக்குத்தான ஓடறாங்க, பின்னால ஒரு கதவு வச்சிரேன்."

கரண்டி நின்றது. "போன வர்சம் ஒருத்தி அந்த மதில ஏறித்தான் வேன் டிரைவரோட போனா. அவ அப்பன் வந்து என் கேட்டாண்ட குந்திக்கினு மண்ணை வாரித் தூத்தினான். நீயா வந்து பதில் சொன்ன? அப்பனுங்க அந்த ரோட்டுலதான் பஸ்ஸ வுட்டு எறங்கறானுங்க. மொதல்ல பாக்கறது என் பின்மதிலத்தான். கண்ணாடியப் பாத்தாத்தான் பொண்ண வுட்டுட்டுப் போறான். கதவ வச்சா வுடுவானா?"

கரண்டி மறுபடி சுற்ற ஆரம்பித்தது, நான் படுக்கப் போனேன். 

ஞாயிற்றுக்கிழமை. மேஸ்திரி பூங்காவனம் சைக்கிளில் வந்தார். கலவை போட்டார். மூட்டையை நனைத்துச் சுத்தியலால் அடிக்க ஆரம்பித்தார். நறநற, நறநற. வார விடுமுறை, எல்லாப் பெண்களும் வீட்டில். நைட்டியும் தோளில் துண்டுமாக ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள். கடைசியாகப் பேச்சி வந்தாள், கையில் மடித்த ஜமுக்காளம்.

மதில்மேல் ஜமுக்காளத்தைப் போட்டாள், நீலத்தைப் பிடித்தாள், ஏறி உட்கார்ந்தாள். வரிசையின் முதல் வாளிக்காரி, ஹாஸ்டலிலேயே சீனியர், உள்ளே போய் அரிசிச் சாக்கை எடுத்துவந்தாள். "தள்ளி உக்காரு ஏட்டி" என்று ஏறினாள். அப்புறம் போர்வை, சாக்கு, அட்டைப்பெட்டி. பார்க்கப் பார்க்க மதில்மேல் பெண்கள் முளைத்தார்கள்.

"யம்மா யம்மா, இது இன்னா கூத்து!" என்று ஓடிவந்தாள் தேவகி. "எறங்குங்கடி! ஊரே பாக்குது!"

"பாக்கட்டும்க்கா. நான்தான் ஏறுனேன். தினமும் நான்தான்" என்றாள் பேச்சி மேலேயிருந்து.

நான் கீழே நின்றுகொண்டிருந்தேன். என் கையில் டின். நாற்பத்தெட்டு வயது முழங்கால், கவிதையெழுதித் தேய்ந்த முதுகு. டின்னை மேலே நீட்டினேன், யாரோ வாங்கினாள். வலது கையை ரோமாபுரி மேல் ஊன்றினேன். விலாக்கள் விரலிடுக்குகளில் அப்படியே பொருந்தின. இடது கையைப் பேச்சி பிடித்து இழுத்தாள். நைட்டிப் பெண்களின் நடுவில் ஒரு பருத்திச் சேலை போய் உட்கார்ந்தது.

"நீயுமா பெரிம்மா?" என்றாள் தேவகி. குரலில் நிஜமான வலி இருந்தது.

பசித்தது. டின்னைத் திறந்தேன். "கேக்கா?" என்றார்கள். கடித்ததும் துப்பினார்கள். "ஒரே கசப்பு, கரிக்கட்ட மாரி." சீனியர் கீழே குதித்து நேற்றைய கருவாட்டுக் குழம்பைச் சட்டியோடு கொண்டுவந்தாள். முக்கித் தின்றோம். சொல்கிறேன் கேளுங்கள், ஜெர்மன் கறுப்பு ரொட்டிக்கும் நெத்திலிக் கருவாட்டுக்கும் ஏதோ பூர்வஜென்ம உறவு இருக்கிறது. அங்கே அதை வெண்ணெய் தடவி வீணாக்குகிறார்கள். எஞ்சினியர் ரொட்டி காலி. இங்க்ரிட்டுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று நக்கிய விரலோடு முடிவுசெய்தேன். (சொல்லவும் செய்தேன். திங்கள்கிழமை அந்த டின்னில் பேச்சி தந்த கோவில்பட்டிக் கடலைமிட்டாய் நிரம்பித் தொழிற்சாலை வாசலுக்குப் போனது. எஞ்சினியர் இன்னும் இருக்கிறதா என்று கேட்டு ஆளனுப்பினார்.)

பூங்காவனம் நிழலில் குந்தி பீடி பற்றவைத்தார். "நான் சொவுத்து மேலதான் கண்ணாடி வெப்பேன். பொண்ணுங்க மேல வெக்கறதில்ல. கலவை இறுவுதும்மா, சீக்கிரம் ஒரு முடிவு சொல்லு."

"என்னத்துக்குடி இந்த வேல உனக்கு?" தேவகி பேச்சியின் கால்மாட்டில் வந்து நின்றாள். "உங்கப்பன் வந்து என்ன கேட்டா?"

"எங்கப்பா என்னைய வேலைக்கு அனுப்பிருக்காக்கா. பஸ்ஸு போயிருச்சுன்னு கார்டப் பிடுங்கி ஊருக்கு அனுப்பிட்டா, அதுக்கு நீங்க என்ன பதில் சொல்லுவீங்க? ஓடிப் போறவ கேட்டு வழியாவும் போவா. நான் ஓடுதது பஸ்ஸுக்கு. கதவு வேண்டாம். இத மட்டும் விட்டுருங்க." உள்ளங்கையால் நீலத்தைத் தட்டினாள். "மத்ததெல்லாம் கிழிக்குதுக்கா. இது ஒண்ணுதான் பிடிக்க விடுது."

தேவகி திரும்பி நடந்தாள். முன்கேட்டைத் திறந்து வெளியே போய்விட்டாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்றுதான் நினைத்தோம். ஏரிக்கரை வரை போய், முள்கம்பியைச் சுற்றி, வெயிலில், அந்த நீள வழி முழுவதும் நடந்து பின்ரோட்டுக்கு வந்தாள். பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றாள். ஊரிலிருந்து பெண்ணைக் கொண்டுவந்த அப்பன் நிற்பதுபோல், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நெற்றியில் வியர்வையோடு மதிலை அண்ணாந்து பார்த்தாள். நாங்கள் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தோம்.

நெடுநேரம் பார்த்தாள். அப்புறம் கத்தினாள்.

"மேஸ்திரீ! அந்தாண்ட கீறியா? பொண்ணுங்க ஏறுற எடத்துல பச்சையச் செதுக்கி எட்த்துரு. அங்கங்க கீற நீலத்தல்லாம் பேத்து அந்த எடத்துல வரிசையா நடு. இங்கேர்ந்து பாத்தா அப்பனுங்க கண்ணுக்குக் கண்ணாடி மாரியே தெரியணும். ஆமா. அவ்ளோதான். எறங்குங்கடி, குழம்புச் சட்டிய ஒடச்சிட்டீங்கன்னா தெரியும் சேதி!"

நீலத்தைப் பெயர்க்கும் வேலையை நான் கேட்டு வாங்கினேன். பூங்காவனம் உளியைத் தந்து, "கெட்டியாப் பிடிக்காத, அது போக்குலயே வரும்" என்றார். வந்தது. ஒவ்வொரு துண்டையும் சேலைத் தலைப்பில் துடைத்து அவர் கையில் வைத்தேன். மண்ணுக்குள் கிடந்து கிடந்து உடைந்த முனைகூட மழுங்கியிருந்தது. சில துண்டுகளின்மேல் மீன்செதில் மாதிரி ஒரு மினுக்கம். ஒரு துண்டு, ஒன்றே ஒன்று, என் கைப்பைக்குள் போயிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? கை ஒரு கணம் தயங்கியது. மேலே பேச்சி இடைவெளியை விரலால் அளந்து, "இங்கன ஒண்ணு வேணும் பெரியம்மா" என்றாள். கொடுத்துவிட்டேன்.

எனக்குத் தெரியும், நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று. படித்தவளாயிற்றே, அருங்காட்சியகத்துக்குச் சொல்லியிருக்க வேண்டாமா, சிமெண்டில் புதைக்க உடந்தையாக இருந்தாயே. வரட்டும். தாராளமாக வந்து எடுத்துக்கொண்டு போகட்டும். வரும்போது ஒரு குளியலறையோ, ஒரு கதவோ, கதவைப் பார்த்தும் கலங்காத அப்பன்மாரையோ கூடவே கொண்டுவரட்டும். அதுவரைக்கும் அந்தக் கிண்ணத்துக்கு இந்த வேலைதான். எந்த ராணியின் விருந்தில் எத்தனை திராட்சை ஏந்தியதோ எனக்குத் தெரியாது. ஒரு பெண்ணை அது ஏந்தியதை நான் பார்த்தேன்.

திங்கள்கிழமை விடியல். வாளிகள் நகர்ந்தன. கடைசி வாளி வரும்போது பின்னால் ஹாரன். தேவகி விளக்குமாற்றோடு முற்றத்தில் நின்று, மதில் இருக்கும் திசையைத் தவிர மற்ற எல்லாத் திசையையும் பெருக்கிக்கொண்டிருந்தாள். பேச்சி வந்தாள், கழுத்தில் கார்டு, முதுகில் ஈர முடி. நான் மதிலடியில் நின்றிருந்தேன். என் கன்னத்தை ஈரக் கையால் ஒருமுறை தொட்டுவிட்டு, நீலத்தைப் பிடித்து எம்பினாள். சிமெண்ட் இன்னும் முழுக்கக் காய்ந்திருக்கவில்லை.

"பாத்துப் பிடி பேச்சி! அது ரோமாபுரிக் கிண்ணம்டி!"

மதில்மேல் ஒரு கணம் குந்தியிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"கிண்ணம்னா பிடிக்கதுக்குத்தான, பெரியம்மா?"